திரையில் எழும் கட்டடம்

நுழையும்முன்

செங்கல், மணல், சிமெண்ட், கம்பி ஆகியவற்றால் கட்டடம் எழுகிறது என்பதை நாம் அறிவோம். இவை அனைத்திற்கும் முன்பாகவே ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதுவே தகவல். எவ்வளவு உயரம், எவ்வளவு தடிமன், எந்தக் குழாய் எந்த வழியே செல்லவேண்டும் என்னும் செய்திகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பிழையின்றிப் போய்ச்சேர வேண்டும். அவ்வாறு சேராதபோது நேர்வன எவை? அவற்றைத் தவிர்க்கக் கணினி எவ்வாறு துணைநிற்கிறது? இவற்றை இப்பாடம் பேசுகிறது.

இரு கடல்களும் ஒரு பாலமும்

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆறு ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் லாஃபன்பர்க் என்னும் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. இவ்விரு ஊர்களையும் இணைக்கப் புதிய பாலம் ஒன்று திட்டமிடப்பட்டது. இரு கரைகளிலிருந்தும் வேலை தொடங்கியது. 2003ஆம் ஆண்டில், இரண்டு பக்கங்களும் ஒரே மட்டத்தில் அமையவில்லை என்பது தெரியவந்தது. வேறுபாடு 54 சென்டிமீட்டர்.

நிலத்தின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். ஆனால் எந்தக் கடலின் மட்டம்? ஜெர்மனி வடகடலை அடிப்படையாகக் கொண்டது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. பொறியாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். நன்றாக அறிந்து, அதற்குரிய திருத்தத்தையும் செய்தனர். கூட்டவேண்டிய இடத்தில் கழிக்கும் குறி அமைந்துவிட்டது. அதனால் நீங்கவேண்டிய வேறுபாடு இரட்டிப்பாயிற்று. ஒரு கணக்கர் குறியை மாற்றி எழுதினால் பேரேட்டில் பிழை. பொறியாளர் மாற்றி எழுதினால் ஆற்றின்மீது பிழை. நல்வேளையாக, பாலம் முடியும் முன்பே இது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.

இங்கே கான்கிரீட் கெட்டதன்று, கம்பி தரங்குறைந்ததன்று, வேலையாட்கள் திறமையற்றவரும் அல்லர். தகவல் கைமாறிய இடத்தில் பிழை நேர்ந்தது.

மேஸ்திரியின் மனம்

நம் ஊர்களில் சிறிய வீடு ஒன்று எழுவதைப் பார்த்திருப்போம். நூல் பிடித்து வானம் தோண்டுவது முதல், தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர்மையைப் பார்ப்பது வரை அனைத்தையும் மேஸ்திரி ஒருவரே மேற்பார்வையிடுவார். கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்கும், மாடிப்படியின் திருப்பம் எங்கே அமையும், எத்தனை மூட்டை சிமெண்ட் எஞ்சியுள்ளது என்பன எல்லாம் அவர் மனத்தில் இருக்கும். அவ்வீட்டின் முழுமையான மாதிரி அவருடைய மனமே. வீட்டுக்காரர் திடீரென்று, "இந்தச் சன்னலைச் சற்றுத் தள்ளி வையுங்கள்" என்றால், அதனால் மாறவேண்டிய மற்றவற்றையும் அவர் அந்நொடியிலேயே எண்ணிவிடுவார். (எண்ணத் தவறிய இடங்களும் உண்டு. பூச்சு முடிந்து வண்ணமும் அடித்த சுவரை மின்கம்பிக்காக மீண்டும் உளியால் கொத்துவதைப் பார்த்திராதவர் நம்முள் சிலரே.)

மருத்துவமனை, விமான நிலையம், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற பெரிய கட்டடங்கள் ஒரு மனத்துக்குள் அடங்குவதில்லை. கட்டடக்கலைஞர் அறைகளை வடிவமைக்கிறார். கட்டமைப்புப் பொறியாளர் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிடுகிறார். மின்சாரம், குடிநீர், குளிரூட்டல், தீத்தடுப்பு ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வல்லுநர்கள் உள்ளனர். ஒவ்வொருவரும் தத்தம் வரைபடத்தை வரைகின்றனர். ஒருவர் தம் வரைபடத்தில் செய்யும் மாற்றம் மற்றவர்களின் வரைபடங்களில் தானாக ஏறிவிடுவதில்லை. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வேலைசெய்ய, புதிய வரைபடத்தை வைத்துக்கொண்டு மற்றொருவர் வேலைசெய்ய, இரண்டும் கட்டுமானக் களத்தில்தான் சந்திக்கும்.

ஒரு தண்டு இரண்டானது

லாஃபன்பர்க்கில் நேர்ந்தது பண இழப்பும் கால இழப்புமே. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் நேர்ந்தது உயிரிழப்பு. அங்கே ஹயாட் ரீஜென்சி என்னும் விடுதி 1980இல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த முன்கூடத்தில், கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் தளத்து நடைபாலத்திற்கு நேர்கீழே இரண்டாம் தளத்து நடைபாலம் தொங்கியது. 1981 ஜூலை 17ஆம் நாள் மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது இவ்விரு பாலங்களும் அறுந்து விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

முதல் வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட தண்டு நான்காம் தளப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துச்சென்று இரண்டாம் தளப் பாலத்தையும் தாங்கவேண்டும். அத்தகைய நீண்ட தண்டில் திருகுமரை வெட்டுவதும் அதனைப் பொருத்துவதும் கடினம். எனவே ஒரு தண்டு இரண்டு தண்டுகளாக மாற்றப்பட்டது. கூரையிலிருந்து நான்காம் தளப் பாலம்வரை ஒன்று. அப்பாலத்திலிருந்து இரண்டாம் தளப் பாலம்வரை மற்றொன்று. பார்வைக்கு இது சிறு மாற்றமே. ஆனால் இதன் விளைவை ஒரு கயிற்றைக்கொண்டு எண்ணிப்பாருங்கள். ஒரே கயிற்றை இருவர் மேலும் கீழுமாகப் பற்றித் தொங்கினால், ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டுமே தாங்கும். கீழே உள்ளவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே உள்ளவரின் காலைப் பற்றிக்கொண்டால்? கயிற்றுக்கு எடை கூடவில்லை; மேலே உள்ளவரின் கைக்கு எடை இரண்டு மடங்காகிவிட்டது. நான்காம் தளப் பாலத்தின் உத்தரமும் அதன் அடியில் இருந்த திருகாணியும் இந்நிலையில்தான் இருந்தன. முதல் வடிவமைப்பே அந்நகரின் கட்டட விதிகள் கேட்ட வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

இம்மாற்றம் மறைவாகச் செய்யப்பட்டதன்று. வரைபடத்தில் இருந்தது, ஒப்புதல் முத்திரையும் பெற்றது. அந்த இணைப்பின் வலிமையை மட்டும் எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. உருவாக்கிய நிறுவனத்தார் பொறியாளர் பார்த்திருப்பார் என்று எண்ணினர். பொறியாளர் தரப்பினரோ அது செய்பவரின் பொறுப்பு என்று கருதினர். பின்னர்ப் பொறியாளர் இருவரின் உரிமம் மிசோரி மாநிலத்தில் பறிக்கப்பட்டது.

கோடுகளுக்குப் பதிலாகப் பொருள்கள்

கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்பது, மேஸ்திரியின் மனத்தைப்போன்ற ஒரு பொது இடத்தைக் கணினியில் உருவாக்கும் முயற்சியாகும். இதனைச் சுருக்கமாகப் 'பிம்' என்பர். முப்பரிமாணப் படம் என்று மட்டும் இதனைக் கருதிவிடக் கூடாது.

காகித வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். கணினியில் வரைந்தாலும் அவை கோடுகளே. அவை சுவரைக் குறிக்கின்றன என்பதை மனிதர்தாம் அறிவர். பிம் முறையில் சுவர் ஒரு பொருளாகவே பதியப்படுகிறது. தன் நீளம், உயரம், தடிமன், எதனால் ஆனது, எத்தனை நேரம் நெருப்பைத் தாங்கும், எந்தத் தளத்தின்மேல் நிற்கிறது ஆகியவற்றை அது தன்னுடன் வைத்திருக்கும். சன்னல், தான் எந்தச் சுவரில் பதிந்துள்ளது என்பதை அறியும். சுவரை நகர்த்தினால் சன்னலும் உடன் நகரும். தரைப்படம், வெட்டுத்தோற்றம், பொருள் பட்டியல் ஆகிய அனைத்தும் இந்த ஒரே மாதிரியிலிருந்து எடுக்கப்படுவதால், ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லா இடங்களிலும் ஏறிவிடுகிறது.

இதன் பெரும்பயன், மோதல்களை முன்கூட்டியே காண்பதாகும். மேற்கூரைக்கும் அதன்கீழ் அமையும் பொய்க்கூரைக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியை எண்ணிக்கொள்வோம். குளிரூட்டும் காற்றுக்குழாய், தீயணைப்பு நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பித் தட்டு, இவற்றோடு கான்கிரீட் உத்தரங்களும் அங்கேயே இருந்தாகவேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். அதனை விரும்பியபடி மேலேற்ற இயலாது. காற்றுக்குழாய் அகன்றது, அதனை மின்கம்பிபோல் வளைக்க இயலாது. ஒவ்வொரு வல்லுநரும் தம் வரைபடத்தை மட்டும் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். அனைவரின் மாதிரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், உத்தரத்தின் நடுவே குழாய் நுழைந்து நிற்பதைக் கணினி காட்டிவிடும். திரையில் குழாயை நகர்த்துவது சில நிமிட வேலை. இறுகிவிட்ட உத்தரத்தில் துளையிடுவது செலவு மட்டுமன்று. உள்ளிருக்கும் கம்பியை அறுத்துவிட்டால் உத்தரத்தின் வலிமையே குறைந்துவிடும்.

மாதிரியோடு கால அட்டவணையை இணைத்தால், எந்த மாதத்தில் கட்டடம் எந்த அளவில் நிற்கும் என்பதைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். இதனை நான்காம் பரிமாணம் என்பர். செலவுக் கணக்கையும் இணைத்தால் ஐந்தாம் பரிமாணம். பெயர்கள் பெரிதாக ஒலித்தாலும் உட்பொருள் எளியதே.

தெரிந்து தெளிவோம்

கணினித் திரையில் நேரடியாக வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் மென்பொருளை 1963இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கினார். வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தின் விவரங்களையே கணினியில் சேமிக்கலாம் என்னும் கருத்தை, கட்டடக்கலைப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இல் கட்டுரையாக வெளியிட்டார். சொந்தக் கணினியில் இயங்கிய முன்னோடி மென்பொருள்களுள் ஒன்றான 'ஆர்க்கிகேட்' ஹங்கேரி நாட்டில் பிறந்தது. வெவ்வேறு மென்பொருள்கள் தம்முள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொதுவடிவம் 'ஐ.எஃப்.சி.' எனப்படுகிறது, இது ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாகும்.

அரசுகளும் தரமும்

இம்முறை பரவியதில் அரசுகளின் பங்கு பெரிது. சிங்கப்பூர் 2013இல் பெரிய கட்டடங்களுக்கும், 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கும் ஒப்புதல் கோரும்போது பிம் மாதிரியாகவே அளிக்கவேண்டும் என விதித்தது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் நடுவண் அரசின் கட்டுமானத் திட்டங்களில் இதனைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ போன்ற பெருந்திட்டங்கள் இம்முறையைக் கையாண்டுள்ளன.

எனினும், மென்பொருளின் விலையும் அதனைக் கற்பதற்கு ஆகும் காலமும் சிறிய நிறுவனங்களுக்குச் சுமையே. இரண்டு அறை வீட்டுக்கு இத்தனை ஏற்பாடு தேவையுமில்லை; அங்கே நல்ல மேஸ்திரி போதும்.

மாதிரி அறியாதவை

கன்சாஸ் சிட்டியில் அன்று பிம் இருந்திருந்தால் விபத்து நேர்ந்திராது என்று கூறிவிட முடியுமா? ஒரு தண்டு இரண்டானதை அனைவரின் திரையும் காட்டியிருக்கும். பாலமும் தண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஆகவே மோதல் பட்டியலில் அது இடம்பெற்றிராது. அந்தத் திருகாணி எவ்வளவு எடையைத் தாங்கும் என்று ஒருவர் கேட்டால்தான் கணினி விடைகூறும். கேட்கவேண்டியவர் யார் என்பதைக் கணினி முடிவுசெய்வதில்லை.

மற்றொரு குறையும் உண்டு. களத்தில் ஏதோ ஒரு காரணத்தால் குழாயை ஓரடி தள்ளிப் பதித்துவிட்டு, அதனை மாதிரியில் பதியாமல் விட்டால், அன்று முதல் மாதிரி பொய்யுரைக்கத் தொடங்குகிறது. பத்தாண்டுகள் கழித்துச் சுவரில் துளையிட வருபவர் அந்தப் பொய்யை நம்புவார். வரைபடம் இல்லாதபோதாவது அவர் தயங்கித் தட்டிப்பார்த்திருப்பார். ஆகவே, மாதிரியைப் புதுப்பிக்கும் சிறிய, சலிப்பூட்டும் வேலை, அதனை உருவாக்கும் வேலைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

எரிந்த கூரையும் எஞ்சிய அளவுகளும்

பாரிஸ் நகரின் நோத்ர்தாம் பேராலயம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. 2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை அதன் கூரையில் தீப்பற்றியது. ஓக் மரங்களால் ஆன கூரைச்சட்டகம் முழுவதும் எரிந்தது. கோபுர முடி சரிந்து விழுந்தது. கட்டியவர்கள் விட்டுச்சென்ற வரைபடம் எதுவும் இல்லாத அக்கட்டடத்தை மீண்டும் எவ்வாறு அமைப்பது?

ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர், சில ஆண்டுகளுக்கு முன்னர் லேசர் கருவியுடன் அப்பேராலயத்தின் உள்ளும் புறமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நின்று அளந்திருந்தார். கருவியின் ஒளி சுவர்களில் பட்டுத் திரும்பும் முறையால் நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் இருப்பிடங்கள் பதிவாயின. பழைய கட்டடக்கலைஞர்கள் எவ்வாறு எண்ணினர் என்பதை அறியவே அவர் அளந்தார். தீவிபத்தைக் காண அவர் உயிருடன் இல்லை, 2018இல் மறைந்துவிட்டார். அவருடைய அளவுகளும் தீக்குப்பின் எடுக்கப்பட்ட புதிய அளவுகளும் சேர்ந்து, மறுகட்டுமானத்திற்கான கணினி மாதிரிகளுக்கு உதவின.

கூரையின் மரச்சட்டகத்தை 2014இல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் திராந்தசோ என்னும் இரண்டு கட்டடக்கலைஞர்கள் விட்டம் விட்டமாக அளந்து வரைந்திருந்தனர். அந்த வரைபடங்களும் கைகொடுத்தன. அவற்றின்படி புதிய ஓக் மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தச்சர்கள் பண்டைய முறையில் கோடரியால் செதுக்கி விட்டங்களை ஆக்கினர். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஃப்ரோமோன் அம்மறுகட்டுமானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞர்களுள் ஒருவராகப் பணியாற்றினார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கட்டடத்தில் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எவ்வழியே செல்கின்றன என்பதைக் கேட்டறிந்து, ஒரு தளத்திற்கு மட்டும் தரைப்படம் வரைக. எந்தத் தகவலை யாரிடமிருந்து பெற்றீர்கள் என்பதையும், ஒருவர் கூறியதற்கும் மற்றொருவர் கூறியதற்கும் வேறுபாடு இருந்த இடங்களையும் அதன் ஓரத்தில் குறிப்பிடுக.