கண்ணீர் காட்டும் நரம்பின் நலிவு

கண்ணீரைத் துன்பத்தின் அடையாளமாகவே நாம் இலக்கியத்தில் பயின்று வந்துள்ளோம். பிரிந்தவர் கண்ணீர், பெற்றவர் கண்ணீர் எனப் பாகுபடுத்தி நயம் பாராட்டியும் வந்துள்ளோம். வலியே தோன்றாத ஒரு கேட்டினையும் கண்ணீர் காட்டக்கூடும் என்பது நம் மாணவர்க்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நீரிழிவினால் நரம்பு நலிவதைக் கண்ணைக் கொண்டும் கண்ணீரைக் கொண்டும் முன்னரே அறியும் முயற்சிகளை ஈண்டு நோக்குவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என மதிப்பிடுகிறது. குருதியில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்து நிற்பின் நரம்பிழைகளும், அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீண்ட நரம்புகளே முதலில் கெடுவதால் கேடு காலடியில் தொடங்குகிறது. சிலர்க்கு எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பலர்க்கு ஒன்றும் தோன்றாது. நாம் அறிந்த பெரியவர் ஒருவர், தம் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியிருந்ததை, தரையில் படிந்த குருதிச் சுவட்டைப் பேரன் காட்டிய பின்னரே உணர்ந்தார். அறியாத புண் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ அகற்ற நேர்வதும் உண்டு.

இதனை முன்னரே அறிதல் எளிதன்று. மின்னோட்டத்தால் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை தடித்த இழைகளையே அளக்கும். வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய இழைகளோ பெரும்பாலும் அவற்றுக்கு முன்னரே கெடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைக் காண வேண்டுமாயின் காலில் 3 மில்லிமீட்டர் அளவு தோலைத் துளைத்தெடுக்க வேண்டும். புண் ஆறுவதே அரிதாகிய நோயாளியிடம் புதியதொரு புண்ணை உண்டாக்க யார்தாம் விரும்புவர்?

இங்கேதான் கண் துணைக்கு வருகிறது. கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள படலத்தைக் கருவிழிப்படலம் என்கிறோம். பெயர்தான் அவ்வாறே தவிர, அது கரியதன்று. கண்ணாடி போல் ஒளியை ஊடுருவ விடுவது. நாம் காணும் கருமை அதற்குப் பின்னுள்ள கதிராளிக்கும் பாவைக்கும் உரியது. பெயரிட்டவர் பின்னுள்ள நிறத்தை முன்னுள்ளதன்மேல் ஏற்றினர் போலும்! ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இப்படலத்தில் குருதிக்குழாய் இல்லை. ஆயினும் மூளையினின்று புறப்படும் ஐந்தாம் நரம்பின் கிளைகள் இதனுள் செறிந்து படர்ந்துள்ளன. தோலைவிடப் பன்மடங்கு செறிவு எனலாம். தூசி ஒன்று விழுந்தவுடன் நாம் துடிப்பது இதனாலேயே. காலில் முதலில் கெடும் மெல்லிய இழைகளின் இனத்தைச் சேர்ந்தவையே இவையும். உயிருள்ள நரம்பை, உடலைக் கீறாமல், இத்துணைத் தெளிவாகக் காணத்தக்க இடம் இதுவேயாகும்.

காண்பதற்குரிய கருவி கான்ஃபோகல் நுண்ணோக்கி. இதன் அடிப்படையை அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கண்ணில் மரப்புச் சொட்டு விட்டு, வில்லை கருவிழியைத் தொடுமாறு வைத்துச் சில நிமிடங்களில் படமெடுக்கின்றனர். நலமுள்ளோர் கண்ணில் இழைகள் நீண்டு கிளைத்து நிரையாகத் தோன்றும். நீரிழிவு முதிர்ந்தோர் கண்ணில் அவை அருகிக் குறுகும். மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கால் நரம்பின் கேடு மிக மிகக் கருவிழி நரம்புகளும் குறைவதைக் காட்டியது. 2013இல் மான்செஸ்டர் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம்மை மிகவும் ஈர்க்கிறது. கணையமும் சிறுநீரகமும் மாற்றிப் பொருத்தப்பெற்றோர் கண்ணில், ஓராண்டுக்குள் இழைகள் மீண்டும் வளர்ந்திருந்தன. பிற சோதனைகள் அம்மாற்றத்தை அப்போது காட்டவில்லை. பட்டுப்போன நரம்பு தளிர்க்கும் என்பதற்குக் கண்ணே சான்றாயிற்று.

இனிக் கண்ணீருக்கு வருவோம். கருவிழி நரம்பின் முனைகள் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் பொருளைச் சுரக்கின்றன. 1931இல் கண்டறியப்பட்ட இப்பொருள் 11 அமினோ அமிலங்களால் ஆயது; கருவிழியின் சிறு காயங்கள் ஆறவும் துணைபுரிவது. நரம்பு குறைந்தால் அது கண்ணீரில் கலப்பதும் குறையுமன்றோ? சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு உடையோர் கண்ணீரில் இப்பொருள் குறைந்திருந்ததையும், அக்குறைவு நரம்புச் செறிவின் குறைவோடு ஒத்துச் சென்றதையும் கண்டது. இதற்கு அழுகைக் கண்ணீர் ஆகாது. பெருகும் நீர் பொருளின் அளவை நீர்க்கச் செய்துவிடும். கண்ணில் எந்நேரமும் படர்ந்திருக்கும் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர் நீரில் சிறிதளவை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் எடுத்தலே முறை.

எனினும் அவ்வாய்வுக்கு உட்பட்டோர் சிலரே. கண் வறட்சியும் கண்ணில் செய்யும் லேசர் சிகிச்சையும் கருவிழி நரம்பைக் குறைக்கவல்லன. எனவே கண்ணீர் ஒன்றையே கொண்டு நோயை அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது. நீரிழிவு உடையோர் கண் நரம்பு மரத்துவிடின் வறட்சியையும் உணரார். கண் உறுத்தவில்லை என்பதால் கண் நலமாயுள்ளது என்று கொள்ளவும் இயலாது. நுண்ணோக்கியும் விலை மிக்கது. சிற்றூர் மருத்துவமனைகளில் காண்பதற்கில்லை.

அவ்வூர்களில் இன்றும் பயன்படக்கூடியது ஒரு நைலான் இழை. 10 கிராம் விசையில் வளையுமாறு அமைந்த அவ்விழையை மருத்துவர் உள்ளங்காலில் ஆங்காங்கே வைத்து அழுத்துவார். நோயாளி கண்களை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் ‘தெரிகிறது’ எனல் வேண்டும். எவ்விடத்தில் அவர் வாய் திறக்கவில்லையோ அவ்விடத்தை மருத்துவர் குறித்துக்கொள்வார்.