கைப்பேசியில் வேதம்: எளிதாய்க் கொடுப்போம், வெட்டாமல் கொடுப்போம்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: நெகேமியா 8:1-12; எரேமியா 36:20-26

 

நம் சபை வாலிபர் சிலர் தமிழில் ஒரு வேதாகம ஆப் தயாரிக்க முன்வந்திருக்கிறார்கள். "பாஸ்டர், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேதம் கஷ்டமா இருக்கு. அதை எப்படி எளிதாக்கலாம்னு வேதத்திலிருந்தே சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, எளிதாக்குவது தேவனுக்குப் பிரியமானது.

எஸ்றா தண்ணீர்வாசலுக்கு முன்பாக நின்று வேதத்தை வாசித்தபோது என்னென்ன ஏற்பாடு செய்தார்கள் என்று பாருங்கள். எல்லாருக்கும் தெரியும்படி மரத்தால் உயரமான பீடம் போட்டார்கள். ஆண்களை மட்டுமல்ல, பெண்களையும், கேட்டு அறியத்தக்க அனைவரையும் கூட்டினார்கள். லேவியர் ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கச் செய்தார்கள் (நெகே. 8:8). வசனத்தை மாற்றவில்லை, ஜனங்களுக்கும் வசனத்துக்கும் இடையே இருந்த தடையை மாற்றினார்கள்!

நம் தேசத்திலும் இது நடந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். ஜெர்மனியின் ஹாலே பட்டணத்திலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவை. காகிதம் அதிகம் செலவாகும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. எழுத்தின் அளவைக் குறித்துக் கவலைப்பட்டதும் ஊழியமே!

நம் காலத்தில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் லைஃப் சர்ச் என்னும் சபையின் ஊழியர் பாபி குருனேவால்ட், 2006-ல் சிகாகோ விமான நிலைய வரிசையில் நிற்கையில், ஜனங்களை வேதத்தோடு நெருங்கச் செய்ய என்ன வழி என்று சிந்தித்தார். 2007-ல் ஆரம்பித்த இணையதளம் எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆனால் அதையே கைப்பேசிக்குக் கொண்டுவந்தபோது ஜனங்கள் வாசித்தார்கள். 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தபோதே அவர்களுடைய யூவெர்ஷன் ஆப்பும் அதில் இருந்தது. முதல் வார இறுதிக்குள் 80,000-க்கும் அதிகமானோர் அதைப் பதிவிறக்கினார்கள். 2021-ல் அந்தக் கணக்கு 50 கோடியைத் தாண்டியது. ஜனங்கள் இருக்கிற இடத்துக்கு வசனம் போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே வாலிபரிடம் சொன்னேன்: வயதானவர்களுக்கு எழுத்து பெரிதாகட்டும். நெட் இல்லாத கிராமத்திலும் திறக்கட்டும். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு ஒலியாய்க் கேட்கட்டும். விசுவாசம் கேள்வியினால் வருகிறதல்லவா (ரோமர் 10:17)? "இரட்டு" என்றால் துக்கத்தில் உடுத்தும் முரட்டுத்துணி, "மரக்கால்" என்றால் ஓர் அளவு என்று, வார்த்தையைத் தொட்டால் பொருள் வரட்டும்.

இரண்டாவது, எளிதாக்குவது வேறு, வெட்டுவது வேறு.

இங்கேதான் ஒரு தம்பி கேட்டான்: "பாஸ்டர், தினம் ஒரு நல்ல வாக்குத்தத்த வசனம் அனுப்பிட்டா போதாதா? முழு அதிகாரத்தையும் யாரு வாசிக்கப் போறா?"

நல்ல கேள்வி. யோயாக்கீம் ராஜாவை நினைத்துப் பாருங்கள். குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன் உட்கார்ந்து எரேமியாவின் சுருளைக் கேட்டான். மூன்று நாலு பத்தி வாசித்தவுடன் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான் (எரே. 36:23). அவன் பிடிக்காததை எரித்தான். நாமோ பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மீதிக்கு என்ன நேரிடுகிறது? இரண்டிலும் அது ஜனங்களுடைய காதுக்குப் போகவில்லையே!

எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய அருமையான வாக்கு. ஆனால் அதற்கு முந்தின 10-ம் வசனம் என்ன சொல்லுகிறது? பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று 5-ம் வசனம் சொல்லுகிறது. 11-ஐ மட்டும் போனில் பெற்ற ஒரு வாலிபன், வேலைக்காக ஆறு மாதம் காத்திருந்து கிடைக்காவிட்டால் என்ன நினைப்பான்? "கர்த்தர் என்னை ஏமாற்றிவிட்டார்" என்பான். கர்த்தர் ஏமாற்றவில்லை, தேவபிள்ளையே! வசனத்தை வெட்டிக் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்கள். காத்திருக்கச் சொன்னதும் அதே கடிதம்தான். சாத்தானும் சங்கீதம் 91-ஐத் துண்டாய் எடுத்துத்தானே ஆண்டவரிடம் வந்தான் (மத். 4:6)?

புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகர் கொடுத்தார். பவுல் எண் போட்டு எழுதவில்லை, கடிதம் எழுதினார். எண் தேடுவதற்கு உதவி, வெட்டுவதற்கு அடையாளம் அல்ல. ஆகவே தினவசனத்தைத் தொட்டால் முழுப்பகுதியும் திறக்கட்டும். அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று இரண்டு வரி இருக்கட்டும்.

மூன்றாவது, கணக்கு அல்ல, கீழ்ப்படிதல்.

பல ஆப்களில் தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று எண்ணிக் காட்டும். சோம்பலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் ராத்திரி 11:55-க்கு, எண் போய்விடுமே என்று ஓட்டமாய் வாசித்தால் ஆத்துமாவுக்கு என்ன லாபம்? ஒருநாள் தவறினவனை அந்த எண் குற்றப்படுத்தவும் கூடாது. நெகேமியாவின் நாளில் அழுதவர்களை, துக்கப்படாதிருங்கள் என்று தேற்றினார்கள். அவர்களோ மறுநாளும் வந்து கேட்டு, கூடாரப்பண்டிகையை எழுதியிருக்கிறபடியே ஆசரித்தார்கள் (நெகே. 8:13-17). வாசிப்பின் கனி அதுவே!

நான்காவது, பிலிப்புக்கு இடம் வையுங்கள்.

எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் சுருள் இருந்தது. பயணத்திலேயே வாசித்தான். ஆனாலும் ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றே கேட்டான் (அப். 8:31). ஆவியானவர் அவனிடத்துக்கு ஒரு மனுஷனை அனுப்பினார். ஆகவே ஒவ்வொரு அதிகாரத்தின் கீழும், "இதைப்பற்றி யாரிடமாவது கேட்கவேண்டுமா?" என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். அதைத் தொட்டால் சபையில் ஜெபிக்கிற ஒரு மூப்பர் அல்லது சகோதரி போனை எடுக்கட்டும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களுக்கு அருமையான ஒரு வாக்குத்தத்த வசனத்தை எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். அதில் உங்களுக்குக் கட்டளை என்ன, காத்திருப்பு என்ன என்று எழுதி, குடும்ப ஜெபத்தில் பேசுங்கள். முழு வசனமும் முழு மனுஷனை எழுப்பும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்! அல்லேலூயா!