ஞாயிறு பிரஞ்ச்: பக்கத்துத் தெரு பிஸ்ட்ரோவுக்குக் கிளம்பும் முன்

சென்னையில் அடையாறு, ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம் பக்கம் சின்னச் சின்ன பிஸ்ட்ரோக்களில் சனி, ஞாயிறு ஆனால் பிரஞ்ச் (காலை, மதியம் இரண்டும் சேர்ந்த ஒரே வேளைச் சாப்பாடு) கூட்டம் அலைமோதுகிறது. நட்சத்திர ஓட்டல் பஃபே வேறு, இது வேறு. அங்கே சமைத்து அடுக்கியதை நாமே அள்ளிக்கொள்கிறோம். இங்கே ஓர் ஒடுக்கமான அடுப்பங்கரையில் நாலைந்து பேர் ஒவ்வொரு தட்டையும் ஆர்டருக்குப் பிறகுதான் தொடங்குகிறார்கள். இது தெரிந்து போனாலே பாதிச் சலிப்பு குறையும்.

செய்ய வேண்டியவை

• கடை பிரஞ்ச் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பன்னிரண்டரைக்கு மேல் போனால் வாசலில் நிற்க நேரிடும். வார இறுதியில் முன்பதிவு எடுக்கிறார்களா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். ஐந்து பேருக்கு மேல் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

• காலையில் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து இரண்டு வேளையையும் ஒரே வேளையாகச் சாப்பிடலாம் என்று கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 1895-லேயே கட்டுரை எழுதி வாதாடினார். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

• நாலு பேர் போனால் மூன்று காரத் தட்டு, ஒரு இனிப்புத் தட்டு சொல்லி நடுவில் வைத்துப் பகிருங்கள். ஆளுக்கொரு பேன்கேக் வாங்கினால் பாதியிலேயே திகட்டிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஷக்‌ஷுகா நல்ல தொடக்கம்: தக்காளியும் குடைமிளகாயும் கொதிக்கும் வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, அப்படியே மேஜைக்குக் கொண்டுவருவார்கள். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடலாம்.

• எக்ஸ் பெனடிக்ட் வாங்கினால் தட்டு வந்ததும் கத்தியை வையுங்கள். அடியில் வாட்டிய மஃபின், மேலே ஹாம், அதன்மேல் வெந்நீரில் ஓடில்லாமல் வேகவைத்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கருவும் வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ். கத்தி பட்டதும் மஞ்சள் கரு வழிந்து மஃபினில் ஊற வேண்டும். கரு கெட்டிப்பட்டிருந்தால் முட்டை அதிகம் வெந்துவிட்டது. தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

• சுத்த சைவமா, புரட்டாசி விரதமா? ஆர்டருக்கு முன் கேளுங்கள். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் முட்டையும் நெத்திலி மாதிரி ஒரு மீனும் வழக்கமாகச் சேரும். பானகோட்டா என்ற இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். பேன்கேக்கை முட்டையில்லாமல் செய்வார்களா என்பதும் கடைக்குக் கடை மாறும்.

• பில்லை வரிவரியாகப் பாருங்கள். தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• படம் எடுப்பதற்காகத் தட்டை ஆறப்போடாதீர்கள். ஹாலண்டேஸில் ஏடு படிந்து வெண்ணெய் உறையும். டோஸ்ட் ஆறிய தோசைபோல இழுவையாகும்.

• கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் தட்டில் அரைவேக்காட்டு முட்டையை வைக்காதீர்கள். அவர்களுக்கு நன்றாக வெந்த ஆம்லெட் போதும், ஹாலண்டேஸும் வேண்டாம்.

• மெனுவைத் திருத்தி எழுதாதீர்கள். ஒவ்வாமை இருந்தால் தெளிவாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ‘சீஸ் வேண்டாம், சாஸ் தனியாக, ரொட்டிக்குப் பதில் சாதம்’ என்று அடுக்கினால் கூட்ட நேரத்தில் உங்கள் தட்டுதான் கடைசியாக வரும்.

• படத்தில் பார்த்த மிமோசாவை (ஷாம்பெயினில் ஆரஞ்சுச் சாறு கலந்த பானம்) எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்கள், கிளப்புகளிடம்தான். பிஸ்ட்ரோவில் அந்தப் பெயரில் வருவது ஆரஞ்சுச் சாறும் சோடாவுமாக இருக்கலாம்; விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

• காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு மேஜை உள்ள கடையில் ஒரு மேஜை முடங்கினால், வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அரை மணி நேரம் கூடுகிறது.

• அடுத்த வீட்டு கேட்டை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். குடியிருப்புத் தெருவில் கடை நடப்பதே அக்கம்பக்கத்தார் பொறுமையில்தான். ஆட்டோவில் போங்கள்.