பெயரும் இலச்சினையும்

மூவேந்தரின் வில்லும் புலியும் கயலும் எழுத்தறியாதார்க்கும் ஆட்சியை உணர்த்தின. இன்று அப்பணியை வணிக இலச்சினைகள் ஆற்றுகின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் வழங்கும் ஓசூர் எல்லைப் பகுதியில் பெயரும் இலச்சினையும் மொழிகடந்து பேசுகின்றன.

பல மாநிலங்களில் அமைந்த பொழுதுபோக்குப் பூங்காக்கள் இதற்குச் சான்று. 2000இல் கொச்சியில் 'வீகாலேண்ட்' திறக்கப்பட்டது. 2005இல் அதே குழுமத்தார் பெங்களூருக்கு அருகே பிடதியில் 'வொண்டர்லா'வைத் தொடங்கினர். பின்னர்க் கொச்சிப் பூங்காவும் அப்பெயரை ஏற்றது. 2016இல் ஐதராபாத்தில் எழுந்ததும் அப்பெயரே பெற்றது.

பெயர் ஒன்றானால் புகழும் பழியும் பொதுவாகும். ஓரிடத்து நன்மதிப்பு எங்கும் துணைநிற்கும். ஓரிடத்துக் கவனக்குறைவு எங்கும் ஐயத்தை விளைக்கும். உயரச் சுழலும் ஊர்தியில் குழந்தையை அமர்த்தும் பெற்றோர் நம்புவது அப்பெயரையே. இலச்சினையை ஓவியர் வரைகிறார்; அதன் மதிப்பைக் காப்பவர் நாள்தோறும் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையைச் சரிபார்க்கும் தொழிலாளர்.