ஒரே கூரையின் கீழ் இருந்தால் முதியோர் உதவித்தொகை உண்டா?



"மகன் வீட்டில் இருந்தால் முதியோர் பணம் வராதாமே, அம்மா பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்துத் தனி அட்டை போட்டுவிடலாமா?" அறக்கட்டளைக்கு வருவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. சட்டம் தெரிந்தால் குழப்பம் தீரும்.

தமிழகத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய இந்த உதவி, 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயானது. இது வேலை பார்த்ததற்கு வரும் பென்ஷன் அன்று. பிழைக்க வழியும் ஆதரிக்க ஆளும் இல்லாத, 60 வயது நிறைந்தவர்களுக்கானது. அமெரிக்காவில் ஏழை முதியோருக்கான உதவியில், பிறர் வீட்டில் செலவின்றித் தங்கினால் தொகையில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். இங்கே அப்படிக் குறைப்பதில்லை; கிடைத்தால் முழுத்தொகை, இல்லையேல் ஒன்றுமில்லை. அதனால்தான் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை முக்கியமாகிறது.

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று: மகனோ மகளோ சோறும் மருந்தும் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். இவர்கள் இந்த உதவிக்கு உரியவர்கள் அல்லர். தனியாகச் சமைத்து உண்ணும் குடும்பத்துக்குத்தான் தனி அட்டை. ஒரே உலையில் உண்டுகொண்டு தனி அட்டை வாங்குவது பொய்ச்சொல். பெற்ற தாய் தந்தைக்கு ஜகாத் கொடுக்கலாகாது என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அவர்களைக் காப்பது ஏற்கெனவே நம் மீது கடமை என்பதே காரணம். அந்தக் கடமையை அரசின் தலையில் கட்டலாகாது.

இரண்டு: உறவினர் வீட்டுத் திண்ணையில் படுக்க மட்டும் இடம், சோற்றுக்கு அக்கம்பக்கம். படுக்க இடம் கிடைப்பது வேறு, ஆதரவு கிடைப்பது வேறு. இதை மனுவில் விளங்க எழுதுங்கள்: வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வருமானம், மானாவாரி நிலம் உண்டா, உணவு எங்கிருந்து, மருந்துச் செலவு யாருடையது. விசாரணைக்கு வருபவரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடும்ப மானம் போகுமென்று "மகன் பார்த்துக்கொள்கிறான்" என்று சொன்னால், அதுவே குறிப்பில் ஏறும். முடிவு அதிகாரியுடையது, உண்மையை முழுதாகச் சொல்வது நம்முடையது.

மூன்று: வசதியிருந்தும் பிள்ளைகள் கைவிட்டார்கள். இதற்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மகன் மட்டுமல்ல, மகளும் வயது வந்த பேரப்பிள்ளைகளும் இதில் பொறுப்பாளிகள். அதற்கு முன் ஜமாஅத்தில் பேசித் தீர்க்க முடிந்தால் நல்லது.

உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்குப் பின் உத்தரவிடுபவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்துடன் வந்தால் மனு எழுத நாங்கள் உதவுகிறோம். உங்கள் தெருவில் இரண்டாம் நிலையில் ஒருவர் இருந்தால், அவர் கேட்கும் வரை காத்திராமல் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

பெற்றோரின் முதுமையில் அவர்களுக்கு நிழலாக இருக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்