முன்பணம் கட்டுமுன்

அன்பு மகளுக்கு,

உன் தோழியின் கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் பார்ட்டி பஸ் எடுத்து, பகலில் நாபா பள்ளத்தாக்கு, இரவில் சான் பிரான்சிஸ்கோ என்று சுற்றப் போகிறீர்கள், ஏற்பாடு முழுவதும் உன் பொறுப்பு என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். கல்யாணப் பெண்ணைச் சுற்றி அவள் வயதுப் பெண்கள் கூடிச் சிரிப்பது எந்த ஊரிலும் நல்ல காரியம்தான். அலங்காரத்துக்கும் பாட்டுக்கும் யோசனை சொல்ல உனக்கு ஆள் இருக்கிறது. வண்டியைப் பற்றித்தான் சித்திக்குக் கவலை.

குடித்துவிட்டு யாரும் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றே பலர் இந்த வண்டிகளை எடுக்கிறார்கள். 2018 அக்டோபர் 6 அன்று நியூயார்க் மாநிலம் ஸ்கோஹாரியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் புறப்பட்ட 17 பேரும் அந்த நல்ல எண்ணத்தோடுதான் லிமோசினில் ஏறினார்கள். சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர், பாதசாரிகள் இருவர் உட்பட 20 பேர் இறந்தார்கள். முந்தைய மாதமே அந்த வண்டி அரசின் ஆய்வில் தேறவில்லை. ஓட்டுநரிடம் அதற்குரிய உரிமமும் இல்லை.

நம் பக்கத்திலேயே இன்னொன்று நடந்தது. 2013 மே 4 இரவு, சான் மேட்டியோ–ஹேவர்ட் பாலத்தில் லிமோசின் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே மணப்பெண்ணும் தோழிகளுமாக 9 பெண்கள். அனுமதி 8 பேருக்கு. பின்பக்க சஸ்பென்ஷன் பழுதாகி, சுழலும் டிரைவ் ஷாஃப்ட் தரைத்தகட்டில் உராய்ந்ததால் தீ எழுந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த தடுப்பின் சிறு ஜன்னல் வழியே 4 பேர் தப்பினார்கள். மணப்பெண் உட்பட 5 பேரால் வர முடியவில்லை. அதன் பிறகே லிமோசின்களில் அவசர வழிகளைக் கட்டாயமாக்கிக் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது.

இந்த மாநிலத்தில் வாடகைக்கு ஓடும் இத்தகைய வண்டிகளுக்குப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் உரிமம் தருகிறது. டி.சி.பி. என்ற எழுத்துகளோடு அந்த உரிம எண் பம்பரில் இருக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் உரிமம் நடப்பில் உள்ளதா, நிறுத்தப்பட்டதா என்று தெரிந்துவிடும். எண்ணைக் கேட்டதும் மழுப்புகிறவர்களிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதே. எத்தனை பேருக்கு அனுமதி, அன்று வருகிற வண்டி எது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். கடைசி நேரத்தில் வேறு வண்டி வந்தால் அதன் எண்ணையும் பார்த்த பிறகே ஏறுங்கள்.

பார்ட்டி பஸ்ஸில் இருக்கைகள் பெரும்பாலும் இரு பக்கச் சுவரை ஒட்டி நீளமாகப் போகும். நடுவில் ஆட இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, கூரையில் வண்ண விளக்கு. ஹைவேயில் 60 மைல் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று பிரேக் போட்டால், ஹீல்ஸ் போட்டு நிற்கிற பெண் கையில் இருக்கும் கண்ணாடிக் கோப்பையோடு விழுவாள். ஆட்டமெல்லாம் வண்டி நிற்கும் இடத்தில் இருக்கட்டும். ஓடும்போது உட்கார்ந்து சீட் பெல்ட் போடுங்கள். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் கோப்பை போதும்.

21 வயது ஆகாத தங்கை யாராவது வந்தால், மது இருக்கும் வண்டியில் 25 வயதுக்குக் குறையாத பொறுப்பாளர் ஒருவர் கூட வர வேண்டும் என்பது சட்டம். நாபாவில் பல ஒயின் தோட்டங்கள் முன்பதிவு இல்லாத பஸ்ஸை உள்ளே விடுவதில்லை. மாலை 5 மணி வாக்கில் சுவைக்கூடங்கள் மூடத் தொடங்கும். ஒரு பகலுக்கு இரண்டு தோட்டங்கள், நடுவில் வயிறாரச் சாப்பாடு என்று வைத்துக்கொள்.

பணத்தை வெளிப்படையாகப் பேசிவிடு. மணிக்கணக்கு வாடகையோடு டிப்ஸ், கூடுதல் நேரத்துக்கான கட்டணம், யாராவது வாந்தி எடுத்தால் சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேரும். முழுத்தொகையை முதலிலேயே சொல்லிவிட்டு, பணத்துக்குச் சிரமப்படும் தோழியிடம் முடியுமா என்று தனியாகக் கேள். குடிக்காதவளை யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வதும் உன் பொறுப்பு.

இன்றைக்கே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து டி.சி.பி. எண்ணை வாங்கு. சரிபார்த்துவிட்டு முன்பணம் கட்டு.

அன்புடன்,
சித்தி