மாறும் விண்மீன்களும் ஒரு கருவூல ஊழியரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

வானியல் என்றதும் பெரிய தொலைநோக்கிகளும் பெரிய பட்டங்களுமே நம் நினைவுக்கு வரும். ராதா கோவிந்த சந்திரரைப் பற்றிப் படிக்கும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

இன்றைய வங்கதேசத்தில், ஜெசோர் நகரருகே 1878-இல் பிறந்தவர் அவர். பள்ளிப் பாடநூலில் அண்டத்தின் பெருமை பற்றிய கட்டுரையொன்றைப் படித்த நாள் முதல் வானத்தின் மீது பித்து. எண்ட்ரன்ஸ் எனப்பட்ட பள்ளி இறுதித் தேர்விலோ மும்முறை தோல்வி! (பித்துதான் காரணமோ, என்னவோ.) பின்னர் அரசுக் கருவூலத்தில் நாணயம் எண்ணும் வேலை கிடைத்தது. 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918-இல் கழுகு மண்டலத்தில் திடீரெனப் பொங்கிய நோவாவைக் கண்டு, அதை ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுதினார். அதன் பயனாக, மாறும் விண்மீன்களை நோக்கும் அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினரானார். அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது ஜெசோரில் இரவு. எனவே அவர் குறிப்புகள் அவர்களுக்கு இன்றியமையாதவை.

ஒளி கூடிக் குறையும் விண்மீனை அளப்பது எப்படி? மாறாத இரு மீன்களுக்கிடையே அதை வைத்து மதிப்பிட வேண்டும். நெசவு வீட்டில் சாயமேறிய நூலை மாதிரிகளோடு வெளிச்சத்தில் ஒப்பிடுகிறோமே, அதுபோலத்தான். எண் சிறுத்தால் ஒளி மிகுதி என்பதை நினைவிற்கொள்க. சிவந்த மீனை உற்று நோக்கலாகாது. கண் ஏமாறி ஒளியை மிகுத்துச் சொல்லும். ஓரிரு நொடிப் பார்வையே போதும்.

2020 பிப்ரவரியில் திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கியது. அது உமிழ்ந்த வாயு தூசியாகி அதன் ஒளியை மறைத்ததே காரணம் என 2021-இல் ஓர் ஆய்வு கூறிற்று. பள்ளிச் சிறுவனான நான் கூரத்தில், எங்கள் வீட்டு மாடியிலிருந்து அதைப் பார்த்தேன். ரோகிணியைவிட நன்றாகவே மங்கல். ஆனால் தேதியுமில்லை, எண்ணுமில்லை. ஒன்றும் எழுதி வைக்கவில்லை! சந்திரரோ 37,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளை எழுதி வைத்தவர்.

அச்சங்கம் 1926-இல் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பியது. அவருக்குப்பின் அது வானியல் அறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. அங்குள்ள 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 முதல் பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனக்கென்னவோ அந்தச் சிறியதைக் காணவே ஆவல்.

சென்ற மார்கழியில் நோட்டு ஒன்று தொடங்கினேன். முதல் பதிவு: திருவாதிரை, 0.6. உடன் நின்ற நண்பன் 0.4 என்று சாதித்தான். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம்.